கைகழுவும் தொட்டிக்கு அருகே ஓர் உண்டியல்: மலை தாண்டிய கஞ்சிக் கடை பற்றிய அனுபவங்கள்

முதல் பதிவு, செங்கோட்டையிலிருந்து

ஊரார் ‘பாய் கஞ்சிக் கடை’ என்றே அழைக்கும் அந்த ஹலால் உணவகம், செங்கோட்டையில் ஒரு வீட்டின் முன்கட்டில் நான்கு பெஞ்சுகளோடு தொடங்கியது. இன்று தென்காசி அரசு மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒன்றும், மலைக்கு அப்பால் கேரளத்தின் புனலூரில் ஒன்றுமாக மூன்று இடங்களில் நடக்கிறது. நான்காவதாகக் குளத்தூப்புழைப் பக்கம் திறக்கலாமா என்று நிர்வாகத்தினர் யோசித்துவருகிறார்கள். ஆகவே அங்கே உண்டவர்கள், பரிமாறியவர்கள், பொருள் கொடுத்தவர்கள் ஆகியோர் தாங்கள் கண்டதை இங்கே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன், இஸ்லாமியன் அல்லன், நான்கு ஆண்டுகளாக வெள்ளிக்கிழமைகளில் அங்கே பரிமாறிவருகிறேன்.

செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர். எல்லைக்கோடு நகர்ந்த பிறகும் எங்களுக்குப் பெண் கொடுத்ததும் எடுத்ததும் இரு பக்கமும்தான். பெரிய நோய் என்றால் இன்றைக்கும் திருவனந்தபுரத்துக்கே போகிறோம். அதனால் புளியரைச் சோதனைச்சாவடி வழியாகப் போகிறவர்களில் காய்கறி லாரிக்காரர்கள் பாதி என்றால், பிளாஸ்டிக் உறைக்குள் மருத்துவக் காகிதங்களைச் சுற்றி மடியில் வைத்திருப்பவர்கள் மீதி. கடை இந்த இரு கூட்டத்தாருக்காகவும்தான் தொடங்கப்பட்டது.

காலையில் கஞ்சி. நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் கிடைக்கும் அதே கஞ்சிதான், ஆண்டு முழுவதும். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், உரித்த பூண்டு, தேங்காய்ப்பால், அதில் கொஞ்சம் கொத்துக்கறி. கறி சேர்க்காத கஞ்சி வேறு அண்டாவில், வேறு அகப்பையோடு, அறையின் மறுமூலையில் இருக்கும். மதியம் சோறும் தால்சாவும் ரசமும். வெள்ளிக்கிழமை மட்டும் நெய்ச்சோறு. நாள்முழுவதும் பயணம் செய்து வாய் கசந்து வருகிறவருக்கு அந்தக் கஞ்சியின் முதல் வாய் உள்ளே இறங்கும்போது முகம் எப்படி மாறுகிறது என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

விலைப்பட்டியல் கிடையாது. உண்டு முடித்துக் கைகழுவப் போகும் இடத்தில், தொட்டிக்கு மேலே ஒரு மர உண்டியல் மாட்டப்பட்டிருக்கிறது. அந்த இடத்தைக் குறுக்குச்சுவர் மறைப்பதால் பெஞ்சில் இருப்பவருக்கும் அடுப்படியில் இருப்பவருக்கும் அது தெரியாது. உண்டியலின் அடியில் பழைய கம்பளித் துண்டு ஒன்றை நான்காக மடித்துப் போட்டிருக்கிறார்கள். ஒரு ரூபாய் நாணயம் விழுந்தாலும் ஓசை வராது. எதுவும் விழாவிட்டாலும் ஓசை வராது. ஒருநாள் மழையில் நனைந்து வந்த ஓர் அம்மா, உண்டு முடித்தபின் தொட்டியருகே நெடுநேரம் நின்றார். உள்ளே தண்ணீர்க் குடம் வைக்கப் போன நான் அவரைப் பார்த்துவிட்டேன். முந்தானை முடிச்சை அவிழ்த்து, மூன்று நாணயங்களை எண்ணி, இரண்டைப் போட்டு, ஒன்றைப் பேருந்துக்கென்று திரும்ப முடிந்துகொண்டார். நான் பார்த்திருக்கக் கூடாது என்று அன்று மிகவும் வருந்தினேன். அதன்பிறகு யாராவது அந்தப் பக்கம் இருக்கும்போது நான் குடம் எடுத்துச் செல்வதில்லை.

கடை புதிய ஊர்களுக்குப் போகட்டும். ஆனால் அந்தக் குறுக்குச்சுவரும் கம்பளித் துண்டும் கூடவே போகின்றனவா என்பதுதான் என் கவலை.

புனலூரிலிருந்து, பரிமாறும் குழுவைச் சேர்ந்தவர்

ஐயா எழுதியதைப் படித்ததும் எங்கள் முதல் மூன்று மாதங்களை மறைக்காமல் எழுத வேண்டும் என்று தோன்றியது. நாங்கள் இங்கே திறந்தபோது கிடைத்த கடையில் குறுக்குச்சுவர் இல்லை. உண்டியலை வாசல் மேசைமேல் வைத்து, கணக்குக்காக ஒரு பையனையும் பக்கத்தில் உட்காரவைத்தோம். அவன் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, வெறுமனே உட்கார்ந்திருந்தான். அதுவே போதுமானதாக இருந்தது. முதல் வாரம் வந்தவர்கள் இரண்டாம் வாரம் வரவில்லை. தாலுகா மருத்துவமனையில் நோயாளிக்குத் துணையிருந்த ஒருவர் எங்கள் வாசல்வரை வந்து, மேசையைப் பார்த்துவிட்டு, எதிர்ப்பக்கத் தேநீர்க் கடையில் ஒரு வடையோடு மதியத்தைக் கழித்ததை நானே பார்த்தேன். பெட்டியைப் பின்கட்டுக்கு மாற்றி, நடுவில் ஒரு தார்ப்பாய்த் திரையைக் கட்டிய பிறகுதான் அவர் உள்ளே வந்தார்.

அரிசியிலும் தவறினோம். எங்கள் ஊர்க் கஞ்சி எல்லாருக்கும் இதமாக இருக்கும் என்று நம்பிப் பச்சரிசியையே வைத்தோம். இங்குள்ளவர்கள் மரியாதையாக உண்டார்கள். ஆனால் மறுமுறை கேட்கவில்லை. மழை நாளில் ஒரு மலையாளி மூதாட்டிதான், கஞ்சியென்றால் மட்டை அரிசியில், பயறும் சம்மந்தி என்னும் தேங்காய்த் துவையலும் சுட்ட பப்படமும் வைத்துத் தர வேண்டும் என்று சொன்னார். இப்போது இரண்டு கஞ்சியும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர் ஒன்றைக் கேட்கிறார், இங்குள்ளவர் மற்றதைக் கேட்கிறார். பிள்ளைகள் இரண்டையும் கேட்கிறார்கள்.

பரோட்டாவும் மாட்டிறைச்சியும் ஏன் இல்லை என்று இங்கே பலர் கேட்பதுண்டு. இந்தப் பக்கத்தில் அது எல்லாரும் உண்ணும் பண்டம். மார்க்கத்திலும் அதற்குத் தடையில்லை. ஆயினும் ஆடு, கோழி, காய்கறி ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது என்று மூன்று கிளைகளிலும் ஒரே முடிவாக எடுத்திருக்கிறோம். பெஞ்சில் பக்கத்தில் இருப்பவர் எழுந்து போகாமல் இருந்தால் போதும்.

தென்காசியிலிருந்து

என் தாயாரை அரசு மருத்துவமனையில் பதினெட்டு நாட்கள் வைத்திருந்தோம். நாங்கள் சைவம். ஹலால் என்ற எழுத்தைப் பலகையில் பார்த்து, அது நமக்கான இடமன்று என்று இரண்டு நாள் அந்த வாசலைத் தாண்டிப் போனேன். மூன்றாம் நாள் பசி தாளாமல் நுழைந்து, அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று நேரடியாகவே கேட்டேன். அடுப்படியில் இருந்த பாய் கோபப்படவில்லை. “அனுமதிக்கப்பட்டது என்று அர்த்தம்மா. இறைவன் பெயரைச் சொல்லி, கூர்மையான கத்தியால் அறுத்து, இரத்தம் முழுக்க வடிந்த கறிதான் இங்கே வரும். தானாகச் செத்தது, பன்றி, சாராயம் எதுவும் உள்ளே வராது. அரிசி வாங்குகிற காசும் நேர்மையாக வந்ததாக இருக்க வேண்டும். உங்கள் கஞ்சி அந்த மூலையில் தனியாக இருக்கிறது” என்றார். காசும் நேர்மையாக வந்ததாக இருக்க வேண்டும் என்று அவர் சொன்னது எனக்கு இன்றும் நினைவில் நிற்கிறது.

அந்தப் பதினெட்டு நாட்களில் பாதி ரமலானில் விழுந்தது. பகலில் கடையின் முன்கதவு சாத்தியிருக்கும். ஆனால் நோயாளிகளுக்கும் துணையிருப்பவர்களுக்கும் மதிய உணவு பின்வாசலில் பொட்டலமாகக் கிடைத்தது. சமைப்பவர் நோன்பாளி. நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடலாம் என்று சிலர் சொன்னபோதும், அவர் அதற்கு மனம் ஒப்பவில்லை. அதனால் பேருந்து நிலையத்தில் பூ விற்கும் ஓர் அக்கா தினமும் பதினோரு மணிக்கு வந்து உப்புப் பார்ப்பார். உள்ளங்கையில் இரண்டு சொட்டு ரசத்தை வாங்கி நக்கிவிட்டு, ஒரு விரலைக் காட்டினால் ஒரு கை உப்பு, தலையை ஆட்டினால் இறக்கலாம். ஒருநாள் அவருக்குக் காய்ச்சல் என்று தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டார்கள். அத்தனை பேர் உண்ணப்போகும் உலைக்கு நான் உப்புச் சொன்ன அந்த நாளை என் வாழ்நாளில் மறக்க மாட்டேன். அம்மா இப்போது நலமாக இருக்கிறார்கள்.

ஆரியங்காவிலிருந்து

சுருக்கமாக எழுதுகிறேன். எங்கள் ஊரில் ஒரு கிளைக்காகக் கட்டடம் பேசி, முன்பணமும் கொடுத்த பிறகு, ஏழைகள் வாசலில் கூடினால் மற்றக் கடைகளுக்கு மதிப்புக் குறையும் என்று சொல்லி உரிமையாளர் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஐயப்பன் கோவிலுக்கு மாலை போட்டு வருகிறவர்களுக்குத் தெருவெல்லாம் அன்னதானம் நடக்கும் ஊர் இது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

கடையநல்லூரிலிருந்து, கணக்கு எழுதுபவர்

விரிவுபடுத்துவது பற்றிக் கேட்டதால், கணக்கின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பலர் ஜகாத் பணத்தைக் கொண்டுவந்து கடைக்கென்று கொடுக்கிறார்கள். ஜகாத் என்பது வசதியுள்ள முஸ்லிம் கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய கொடை; ஓராண்டு கையிலிருந்த செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கு, அதாவது இரண்டரை விழுக்காடு. அதைப் பெறத் தகுதியுள்ள எட்டு வகையினரைக் குர்ஆன் ஒன்பதாம் அத்தியாயத்தின் அறுபதாம் வசனம் பட்டியலிடுகிறது. எங்கள் கடையிலோ லாரி உரிமையாளரும் உண்கிறார், வேலையில்லாதவரும் உண்கிறார். யார் ஏழை என்று கேட்பதில்லை என்பதே கடையின் முதல் விதி. ஆகவே ஜகாத்தைப் பொது உலையில் போட முடியாது. அதைத் தனிக் கணக்கில் வைத்து, விசாரித்தறிந்த குடும்பங்களுக்கு அரிசி மூட்டையாகக் கொடுத்துவிடுகிறோம். உலை எரிவது சதக்கா என்னும் விருப்பக் கொடையாலும் உண்டியல் பணத்தாலும்தான். வங்கி வட்டியைக் கொடுக்க வந்தவரிடம் அது உலைக்கு ஆகாது என்று பணிவாகச் சொல்லி அனுப்பினோம். அவர் பிறகு தம் சொந்த உழைப்பில் வந்த பணத்தோடு திரும்பி வந்தார்.

இதனால் வரவு எப்போதும் குறைவு. ஒவ்வொரு கிளைக்கும் உணவுப் பாதுகாப்பு உரிமம் தனித்தனியாக வாங்க வேண்டும். இரு மாநிலங்களில் நடத்துவதால் தலைமையிடத்துக்கு மத்திய உரிமமும் தேவைப்பட்டது. பாவூர்சத்திரம் சந்தையில் மாலையில் மிஞ்சும் காய்கறியைச் சில வியாபாரிகள் கொடுப்பதால் தென்காசிக் கிளை தாக்குப்பிடிக்கிறது. அந்த லாரி மலையேறிப் புனலூர் சேர்வதற்குள் கீரை வாடிவிடுகிறது. மூன்று மாத அரிசி கையிருப்பில் இல்லாமல் நான்காவது அடுப்பை மூட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. திறந்துவிட்டு மூடினால், அதை நம்பி வந்தவர்களுக்கு நாம் செய்வது பெரிய துரோகம்.

“இறைவனின் திருமுகத்துக்காகவே உங்களுக்கு உணவளிக்கிறோம், உங்களிடமிருந்து கைம்மாறையோ நன்றியையோ நாடவில்லை” என்னும் பொருளில் குர்ஆனின் எழுபத்தாறாம் அத்தியாயத்தில் ஒரு வசனம் வருகிறது. அதைச் சுவரில் எழுதலாம் என்று புனலூரில் ஒருவர் சொன்னார். நிர்வாகத்தினர் வேண்டாம் என்றார்கள். எழுதிவைத்தால் உண்பவர் அதைப் படித்துக்கொண்டே உண்ண வேண்டியிருக்கும் என்பது அவர்கள் சொன்ன காரணம். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

குளத்தூப்புழையிலிருந்து

நான்காவது கிளை எங்கள் பக்கம் வரலாம் என்பதால் எழுதுகிறேன். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பியவர்களின் பேத்தி நான். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே 1976இல் புனலூரைத் தலைமையிடமாகக் கொண்டு மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் ஏற்பட்டது; எங்கள் தாத்தா அதில் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளியாக இருந்தார். எங்கள் குடியிருப்பில் இன்றும் வீட்டுக்குள் தமிழ்தான்.

கடைக்காரர்கள் இரண்டு செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். பால்வெட்டுக்குப் போகிறவர் விடியுமுன்பே மரத்தடியில் இருப்பார். பாலை எடுத்து ஒப்படைத்துவிட்டு வரும்போது முற்பகல் ஆகிவிடும். மதியச் சாப்பாட்டுக் கடை எங்களுக்குப் பயன்படாது; பத்து மணிக்குச் சூடாக ஏதாவது இருக்க வேண்டும். பிறகு, மழை. ஆனி, ஆடியில் தொடர்ந்து பெய்தால் வெட்டு நின்றுவிடும். மலையாளிகள் நம் ஆடியான கர்க்கடகத்தைப் பஞ்ச மாதம் என்று சொல்வது எங்கள் வீட்டுக்கும் பொருந்தும். எங்களுக்குக் கடை தேவைப்படுவது அந்த இரண்டு மாதங்களில்தான். நிரந்தரமாகக் கட்டடம் பிடிக்க முடியாவிட்டால் அப்போது மட்டும் வந்தாலும் போதும்.

எங்கள் குடியிருப்பில் யார் வீட்டில் இன்று அடுப்பு எரியவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். திரையும் குறுக்குச்சுவரும் அங்கே எவ்வளவு மறைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாரும் உண்ண வந்தால், இல்லாதவர் தனியாகத் தெரிய மாட்டார். நாங்கள் வசதியுள்ள சில வீட்டார் முதல் நாளிலிருந்தே வந்து அமர்கிறோம்.

கஞ்சி எங்கள் பாட்டிக்குக் காய்ச்சல் உணவு. உடம்பு அசந்து வந்தால் அவர்கள் கேட்பது தேங்காய்ப்பூ போட்டுத் தட்டிய தடித்த கோதுமை ரொட்டியும் காரமான சம்பலும். தோட்டத்தில் பழகிய வாய் அது. அதையும் செய்வீர்களா?

முதல் பதிவிட்டவர்

மகளே, உங்கள் பதிவை நிர்வாகத்தினரிடம் வாசித்துக் காட்டினேன். கணக்கு எழுதுபவர் சொன்னதை மதித்து, இப்போதைக்குக் கட்டடம் பிடிப்பதில்லை. ஆடி மாதத்துக்கு மட்டும் ஒரு வண்டியில் அடுப்போடு வருவது என்று முடிவாகியிருக்கிறது. வருவது பத்து மணிக்கு முன்பே. எங்கள் சமையல்காரருக்கு அந்த ரொட்டி தட்டத் தெரியாது. வரும் ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்துவந்தால் பாட்டி சொல்லித் தருவார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள். மாவும் தேங்காயும் நாங்கள் எடுத்துவருகிறோம்.

குளத்தூப்புழையிலிருந்து

கேட்டேன் ஐயா. வரச் சொல்கிறார்கள். மாவு மட்டும் கொண்டுவாருங்கள். தேங்காய் எங்கள் மரத்தில் இருக்கிறது.