லண்டன் அலாட்மென்டில் நத்தைத் தொல்லை

கேள்வி: லண்டனில் கவுன்சில் வாடகைக்குத் தரும் அலாட்மென்ட் நிலம் ஒருவழியாகக் கிடைத்துவிட்டது. மருந்தே இல்லாமல் காய்கறி போட ஆசை, ஆனால் பீன்ஸ் நாற்று வைத்தால் ஓடில்லாத நத்தைகள் ஒரே ராத்திரியில் மொட்டையடித்துவிடுகின்றன. என்ன செய்யலாம்? குளிர்காலத்தில் நிலத்தைச் சும்மா விடுவதா?

பதில் 1: எப்போது நடுகிறீர்கள்? மே நடுப்பகுதி வரை உறைபனி வரலாம், அதுவரை ஜன்னலோரத்தில் தொட்டியில் வளர்த்து ஒரு சாண் உயரம் வந்தபிறகு நடுங்கள், முற்றிய தண்டை நத்தை அவ்வளவாகத் தொடாது.

பதில் 2: நெமட்டோடு (நத்தையைக் கொல்லும் நுண்ணிய புழு) வாங்கித் தண்ணீரில் கலந்து ஊற்றுங்க, மண் 5 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் வேலை செய்யும், சுமார் 6 வாரம் தாங்கும். அப்புறம், மெட்டால்டிஹைடு என்ற நத்தை விஷக் குருணைக்கு 2022 முதல் இங்கே தடை, பக்கத்து நிலத்துக்காரர் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

பதில் 3: அக்டோபர், நவம்பரில் பூண்டும், குளிர் தாங்கும் பிராட் பீன்ஸும் ஊன்றலாம். மீதி இடத்தில் மட்கிய எருவைப் பரப்பி காகித அட்டையால் மூடுங்கள். அட்டைக்கு அடியிலும் நத்தை ஒளியும், சரி, தூக்கிப் பார்த்துப் பொறுக்க வசதிதான்.