ஒரே களி, அம்மாவுக்கு மட்டும் சர்க்கரை ஏறுவது ஏன்?

குடியாத்தத்தான்:
வணக்கம். என் பெற்றோர் இருவருக்கும் சர்க்கரை நோய் உண்டு. சோற்றைக் குறைக்கச் சொன்னதால் மதியம் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் உண்கிறார்கள். உண்டு 2 மணி நேரம் கழித்து வீட்டுக் கருவியில் பார்த்தால் அப்பாவுக்கு 170ஐத் தாண்டுவதில்லை. 64 வயதாகும் அம்மாவுக்கோ 240க்குக் குறைவதில்லை. களி சர்க்கரைக்கு நல்லது என்றுதானே ஊரே சொல்கிறது? ஒரே அடுப்பில் இருவருக்கும் ஏற்றபடி சமைப்பது எப்படி?

காட்பாடிக்காரி:
தம்பி, களியில் நொய் எவ்வளவு போடுகிறீர்கள் என்று முதலில் பாருங்கள். நம் பக்கத்தில் அரிசி நொய்யைக் குழைய வேகவைத்து, அதன்மேல் மாவைக் கொட்டித் துடுப்பால் கிளறுவதுதான் வழக்கம் என்பதால், அரிசியை விட்டுவிட்டதாக நினைப்பவரின் தட்டில் பாதி அரிசியே இருக்கக்கூடும். மேலும், நைசாக அரைத்த மாவு விரைவில் செரித்துச் சர்க்கரையாக மாறும். அதை மெல்லாமல் விழுங்கும் பழக்கமும் நமக்கு உண்டு. என் மாமியாருக்கு நொய்யை நிறுத்தி, இரண்டு உருண்டையை ஒன்றாக்கி, முதலில் கத்தரிக்காய்ப் பொரியலையும் மொச்சையையும் உண்ணச் சொன்னோம். காயும் பருப்பும் முன்னால் சென்றால் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. நேரத்தை முதல் கவளத்திலிருந்து கணக்கிடுங்கள். உங்கள் அப்பா உண்டபின் என்ன செய்கிறார்?

ஆற்காட்டு உணவியலாளர்:
சமையலை மாற்றுமுன், சிறுநீரகத்தின் நிலையை அறிய அம்மாவின் இரத்தத்தில் கிரியேட்டினினையும் சிறுநீரில் அல்புமினையும் பார்த்துவிடுங்கள். சிறுநீரகம் தளர்ந்து பொட்டாசியம் ஏறியிருந்தால் கீரை, இளநீர் போன்றவற்றின் அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். காய்களை நிறைய நீரில் வேகவைத்து அந்நீரைக் கொட்டிவிடுவது அப்போது உதவும். மற்றவர்களுக்கு அதே நீர் வீணாக்கக் கூடாத சத்து. சோடியம் குறைந்த உப்பையும் கேட்காமல் வாங்காதீர்கள், அதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடுதான் கலந்திருக்கும். களிக்குப் பதில் ஜவ்வாது மலைச் சாமையை வாங்குவதென்றால் தவிடு நீங்காததாகக் கேளுங்கள்; வெள்ளை வெளேரென்று தீட்டியதற்கும் அரிசிக்கும் பெரிய வேறுபாடில்லை.

குடியாத்தத்தான்:
இருவருக்கும் நன்றி. நொய் பாதிக்குப் பாதி போடுகிறோம் என்பது விசாரித்தபோதுதான் தெரிந்தது. அப்பா உண்டதும் மல்லாட்டை (வேர்க்கடலை) கொல்லைக்கு நடந்துவிடுகிறார், அம்மா படுத்துவிடுகிறார். மூன்று நாட்களாக நொய்யில்லாமல் ஒரே உருண்டையும், உண்டபின் தெருக்கோடி வரை நடையுமாகப் பார்த்ததில் அளவு 195, 188, 201 என வந்தது. களி வாயில் ஒட்டுகிறது என்ற புகார் மட்டும் நிற்கவில்லை. இரத்தப் பரிசோதனைக்குத் திங்கட்கிழமை செல்கிறோம்.

ஆற்காட்டு உணவியலாளர்:
நல்லது. இந்த எண்களை அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். உணவைக் குறைத்துவிட்டு மாத்திரையை மட்டும் பழைய அளவிலேயே தொடர்ந்தால், சில வகை மாத்திரைகளில் சர்க்கரை திடீரென இறங்கிவிடும். நடுக்கமோ வியர்வையோ கண்டால் உடனே கருவியில் பாருங்கள். 70க்குக் கீழ் இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள்.