நண்பர் கல்யாணத்துக்கு நாமே படமெடுக்கலாமா?

வியூஃபைண்டர்:
நெருங்கிய நண்பர்கள் "வெளியாள் வேண்டாம், நீயே எடுத்துக் கொடு" என்று கேட்டால் ஒத்துக்கொள்வது சரியா? ஒரு கேமரா பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா), ஒரு 24-70 மிமீ எஃப் 2.8 லென்ஸ் (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிது), ஒரு ஃபிளாஷ் மட்டும் வைத்திருப்பவருக்கு என்ன சொல்வீர்கள்?

நிழல்கோடு:
ஒரே பாடி என்றால் கூடவே கூடாது. சடங்கின் முக்கியமான கட்டம் பெரும்பாலும் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அப்போது ஷட்டர் மக்கர் செய்தால் அவ்வளவுதான். குறைந்தது இரண்டு பாடி வேண்டும். இரண்டிலும் இரட்டை கார்டு ஸ்லாட் இருந்து, ஒவ்வொரு படமும் இரண்டு கார்டிலும் பதிவாக வேண்டும். இன்னொன்று, படமெடுப்பவர் அன்றைக்கு விருந்தாளி இல்லை. நண்பர் கண்கலங்கும் நேரத்தில் கட்டிப்பிடிக்க வேண்டியவர் ஃபோகஸ் பாயின்ட்டை நகர்த்திக்கொண்டிருப்பார்.

ஐம்பது_மிமீ:
இரண்டாவது பாடி வாடகைக்குக் கிடைக்கும். மணமகளை வளர்த்த பாட்டி எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், யாரை யார் பக்கத்தில் நிறுத்தினால் சங்கடம் என்ற விவரம் வாடகைக்குக் கிடைக்காது. பழகியவர் கேமராவைத் தூக்கினால் முகம் விறைக்காது. பாதிப் படம் அதிலேயே தேறிவிடும். வாடகை பாடியை மட்டும் இரண்டு நாள் முன்பே வாங்கி, பட்டன் அமைப்பை ஒன்றுபோல மாற்றுங்கள். இரண்டின் கடிகாரத்தையும் நொடி சுத்தமாகப் பொருத்துங்கள். இல்லையென்றால் எடிட்டிங்கில் நேரப்படி அடுக்கும்போது படங்கள் முன்பின்னாகக் கலந்துவிடும்.

நிழல்கோடு:
பாட்டியைத் தெரிந்தால் போதுமா, விளக்கைத் தெரிய வேண்டாமா? சத்தம் வரக்கூடாது என்று சைலன்ட் ஷட்டர் (திரை அசையாத மின்னணு ஷட்டர்) போடுவார்கள். எல்இடி வெளிச்சத்தில் படம் முழுக்க பட்டை பட்டையாக விழக்கூடும். முகத்தின் மேல் விழுந்த பட்டையை மென்பொருளால் சுத்தமாக எடுப்பது கடினம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் சாதாரண விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 நொடி வைத்தால் பட்டை அடங்கும். ஆனால் நடந்து வருபவர்கள் 1/100-இல் மங்குவார்கள், 1/200 வேண்டும். அப்போது மெக்கானிக்கல் ஷட்டரும், விளக்கின் துடிப்பு பார்த்து படமெடுக்கும் ஆன்ட்டி ஃபிளிக்கர் வசதியும்தான் கைகொடுக்கும். மேடை எல்இடிகள் இந்தக் கணக்குக்கும் அடங்காது.

ஐம்பது_மிமீ:
இதை மறுக்கவில்லை. முதல் நாளே அதே விளக்குகளைப் போடச் சொல்லி பத்து படம் எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன்) 6400 வரை ஏற்ற அஞ்ச வேண்டாம். அதனால் படத்தில் வரும் புள்ளி இரைச்சலைக் குறைத்துவிடலாம், அசைந்த முகத்தைத் திருத்த முடியாது. கூரை வெள்ளையாக, சுமார் மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால் ஃபிளாஷை மேலே திருப்புங்கள். மரக் கூரையில் அதையே செய்தால் எல்லோர் தோலும் ஆரஞ்சாகிவிடும்.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது வேறு இடத்தில்: 85 மிமீ எஃப் 1.4 லென்ஸை முழுசாகத் திறந்து ஜோடியை எடுப்பது. ஃபுல் ஃபிரேம் (35 மிமீ ஃபிலிம் அளவு சென்சார்) கேமராவில் இரண்டு மீட்டர் தூரத்தில் கூர்மை ஐந்து சென்டிமீட்டருக்குள்தான். ஒருவர் கண் தெளியும், மற்றவர் கண் போய்விடும். இருவருக்கு எஃப் 2.8, இரண்டு வரிசைக் குழுவுக்கு எஃப் 5.6. குழு ஒவ்வொன்றுக்கும் நான்கைந்து படம், யாராவது ஒருவர் கண் மூடியே இருப்பார்.

இரண்டாம்கோணம்:
நீங்கள் இருவரும் "எல்லாம் அல்லது எதுவும் இல்லை" என்றே பேசுகிறீர்கள். சடங்குக்கும் குழுப் படங்களுக்கும் தொழில்முறை ஆள், அலங்கார அறைக்கும் மாலைக் கொண்டாட்டத்துக்கும் நண்பர். அந்தத் தொழில்முறை ஆளின் ஒப்பந்தத்தில் வேறு யாரும் எடுக்கக்கூடாது என்ற வரி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அவர் எடுக்கும்போது உங்கள் ஃபிளாஷை அணையுங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் வெடித்தால் அவர் படம் வெளுத்துவிடும். மாலையில் லேசர் விளக்கு இருந்தால் லென்ஸை அந்தப் பக்கம் காட்டவே வேண்டாம், சென்சாரில் நிரந்தரக் கோடு விழக்கூடும்.

நிழல்கோடு:
இந்தப் பிரிப்பு எனக்குச் சம்மதம். முழுசாக ஒத்துக்கொள்வதை இப்போதும் எதிர்க்கிறேன்.

ஐம்பது_மிமீ:
ஒத்துக்கொள்பவர் நட்பை நம்பி வாய்ப்பேச்சில் விடாமல், எத்தனை படம், எந்தத் தேதிக்குள், ரா ஃபைல் (கேமரா பதிவு செய்த திருத்தாத மூலக் கோப்பு) தருவதா இல்லையா என்று எழுதியே கொடுக்க வேண்டும். 24 மெகாபிக்சலில் 2,000 ரா படம் 50 ஜிபியைத் தாண்டும். அன்றிரவே இரண்டு டிரைவில் நகலெடுங்கள். ஆல்பம் நண்பர் கைக்குப் போகும்வரை கார்டை ஃபார்மேட் செய்யாதீர்கள்.