புதுப்பிப்பு: ரெக்கார்டு இழுத்துப் பாடினால் பெல்ட் மட்டும் காரணமல்ல

மும்பை சோர் பஜாரில் வாங்கிய பழைய டர்ன்டேபிளில் (ரெக்கார்டு பிளேயரில்) ஜாஸ், ராக் எல்பி எல்லாம் இழுத்துப் பாடுகிறதே என்ற கேள்விக்கு, மோட்டாரிலிருந்து தட்டைச் சுழற்றும் ரப்பர் பெல்ட்டை மாற்றச் சொல்லியிருந்தேன். அரைகுறை பதில் அது.

முதலில் பின்பக்க ஸ்டிக்கரைப் பாருங்கள். 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் அது அமெரிக்காவுக்கான பெட்டி. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மட்டும்தான் இறக்கும். நம்மூர் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 50 அலை) அப்படியேதான் வரும். ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் ஹெர்ட்ஸுக்குக் கட்டுப்பட்டே சுழலும் என்பதால் நிமிடத்துக்கு 33⅓ சுற்று 27.8 ஆகிவிடும், சுருதி மூன்று அரைச்சுரத்துக்கு மேல் இறங்கிவிடும். 45 சுற்று வேகத்துக்குத் தள்ளினால் 37.5, அதுவும் உதவாது. 50 ஹெர்ட்ஸ் புல்லிதான் (மோட்டார் தண்டில் பெல்ட் ஓடும் சிறு சக்கரம்) வழி. விட்டம் ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதல். டிசி மோட்டாருக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

சரிபார்க்க, 50 ஹெர்ட்ஸுக்கான 180 கோட்டு ஸ்ட்ரோப் தாள் (33⅓ வேகத்தைப் பார்க்க ரெக்கார்டின் மேல் வைக்கும் கோடு போட்ட வட்டத் தாள்) போதும். ஊசி ரெக்கார்டில் ஓடும்போதே, குண்டு பல்பு வெளிச்சத்தில் பாருங்கள். கோடுகள் நகராமல் நின்றால் வேகம் சரி. பல எல்இடி பல்புகள் துடிக்காமல் எரியும், கோடு தெரியாது.

ஒரு விதிவிலக்கு: ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பம் (1959). பழைய அச்சுகளில் முதல் பக்கம் சற்றே சுருதி ஏறித்தான் ஒலிக்கும். ஒலிப்பதிவின்போது டேப் மெஷின் மெதுவாக ஓடியதன் விளைவு; சரியான வேகத்தில் ஓட்டும்போது அது வேகமாக ஒலிக்கிறது. அதற்காக மோட்டாரைத் திருகிவிடாதீர்கள்.