லீவ் மக்களும் எஸ்தோனியர்களும் உண்மையிலேயே மதம் மாறினார்களா?

கேள்வி (வடகடல்):
ஜெருசலேம் பக்கம் நடந்த சிலுவைப்போர்கள் எல்லோருக்கும் தெரியும். இன்றைய லாட்வியா, எஸ்தோனியாவிலும் போப்பின் ஆசியோடு ஜெர்மானியர்கள் கப்பலில் வந்து இறங்கி, 1227க்குள் பெரும்பாலான நிலத்தைப் பிடித்துவிட்டார்கள் என்பது எனக்குப் புதிது. எங்கே பார்த்தாலும் 'கட்டாய மதமாற்றம்' என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அவ்வளவுதானா?

பதில் (பழஞ்சுவடி):
ஆரம்பத்தில் நடந்தது பேரம் என்றுதான் சொல்வேன். 1180களில் டௌகாவா ஆற்றங்கரைக்கு வந்த மைன்ஹார்ட் என்ற பாதிரியார், அங்கே வாழ்ந்த, லிதுவேனியர்களின் கொள்ளையில் நொந்துபோயிருந்த லீவ் மக்களிடம், ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டால் கல்கோட்டை கட்டித் தருகிறேன் என்றார். கோட்லாந்து தீவிலிருந்து கொத்தனார்கள் வந்தார்கள், கோட்டை எழும்பியது, எழும்பியதும் பலர் பழைய வழிக்கே போய்விட்டார்கள். அடுத்து வந்த பெர்த்தோல்ட் படையோடு வந்து 1198இல் போரில் செத்தார், ஆனாலும் ஜெயித்தது அவர் படைதான், வேறு வழியில்லாமல் மறுபடி ஞானஸ்நானம். கப்பல்கள் கிளம்பியதுமே ஆற்றில் இறங்கி அந்தத் தண்ணீரைக் கழுவி, சாக்சன்களின் (அந்த ஜெர்மானியர்களின்) பின்னாலேயே திருப்பி அனுப்புகிறோம் என்றார்களாம். இதை எழுதிவைத்த ஹென்றி, ஜெர்மானியர் பக்கத்துப் பாதிரியார். தன் தரப்பின் தோல்வியை அவர் இட்டுக்கட்ட வேண்டிய அவசியம் இல்லை, அதனால் இதை நம்புகிறேன்.

பதில் (மணல்மேடு):
கௌபோவை விட்டுவிட்டீர்களே. துரைடாவின் லீவ் தலைவர், ரோமுக்கே போய் மூன்றாம் இன்னசென்ட் போப்பைப் பார்த்து, 100 பொற்காசு பரிசு வாங்கி வந்தவர். திரும்பி வந்து சொந்த ஜனங்களையே எதிர்த்துப் போரிட்டார், 1217இல் லெம்பிட்டு தலைமையில் வந்த எஸ்தோனியர்களோடு நடந்த சண்டையில் இறந்தார். லெம்பிட்டுவும் அதே சண்டையில் போனார். இன்றைய லாட்வியாவின் இன்னொரு இனமான லத்காலியர்களும் எஸ்தோனியர்கள் மீதிருந்த பழைய பகைக்காக, ஜெர்மானியர்களின் தலைமையிடமான ரீகாவோடு சேர்ந்துகொண்டார்கள். உள்ளூர்ப் பகையைக் கணக்கில் எடுக்காமல் இந்த வெற்றியைப் புரிந்துகொள்ளவே முடியாது.

பதில் (ஏரிக்கரையான்):
கௌபோவின் நம்பிக்கையை நான் சந்தேகிக்கவில்லை, ஆனால் அவர் ஒருவரை வைத்து மற்றவர்களை அளக்காதீர்கள். ஜெயித்த பிறகு சாதாரண குடியானவனுக்கு வந்தது தசமபாகம், கோட்டை கட்டும் கட்டாய வேலை, தீர்ப்பு சொல்ல ஒரு வெளியூர் அதிகாரி. 1223 கிளர்ச்சியில் எஸ்தோனியர்கள் விலக்கி வைத்த மனைவியரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள், தேவாலயத்துக் கல்லறைகளில் புதைத்த தங்கள் பிணங்களைத் தோண்டி எடுத்துப் பழைய முறைப்படி எரித்தார்கள், வீடுகளைக்கூடக் கழுவினார்கள். இதையும் அதே ஹென்றிதான் எழுதியிருக்கிறார். செத்தவர்களைக்கூட அந்த மதத்தில் விட்டுவைக்க மனமில்லாத மக்களைப் போய் மனதார மாறினவர்கள் என்று எப்படிச் சொல்வது?

நூறு வருடம் கழித்தும் ஆறவில்லை. 1343இல் புனித ஜார்ஜ் இரவு வட எஸ்தோனியாவின் ஹார்யு பகுதியே கிளர்ந்து எழுந்தது, பேச்சுவார்த்தைக்கு பைதே கோட்டைக்குப் போன நான்கு தலைவர்களையும் ஜெர்மானியர்கள் அங்கேயே கொன்றார்கள், 1346இல் டென்மார்க் தன் வசமிருந்த வட எஸ்தோனியாவை 19,000 மார்க் வெள்ளிக்கு ட்யூட்டானிக் சபை என்ற ஜெர்மானியப் போர்த்துறவிகளுக்கு விற்றுவிட்டுக் கிளம்பியது.

பக்கத்து லிதுவேனியாவைப் பாருங்கள். அங்கே 1386இல் சொந்த அரசர் யோகைலாவே போலந்துக் கிரீடத்துக்காக மாறி, 1387இல் மக்களையும் மாற்றினார். அதுவும் அரசியல்தான், மேலிருந்து வந்ததுதான், ஆனால் நிலம் உள்ளூர்ப் பிரபுக்கள் கையிலேயே இருந்தது. லிவோனியாவில் (லாட்வியா, எஸ்தோனியா பகுதிக்கு அன்றைய பெயர்) மதமும் நிலத்தின் புது முதலாளியும் ஒரே கப்பலில் வந்தார்கள், அதுதான் எனக்குப் பெரிய வித்தியாசமாகப் படுகிறது.