மண் காலியானது தெரியாமல் விளக்கை மாற்றின கதை

என்னுடையது இரண்டு அடி மீன் தொட்டி, உள்ளே செடியும் வளர்க்கிறேன். கொளத்தூரில் 9 லிட்டர் அக்வா சாயில் (தொட்டியின் அடியில் போடுகிற, சத்தேற்றிய களிமண் உருண்டை) வாங்கிப் போட்டேன். முதல் மாதம் அந்த மண்ணிலிருந்து கசிந்த அம்மோனியா தாறுமாறாக ஏறியது, நாள் விட்டு நாள் பாதித் தண்ணீர் மாற்றியே கை ஓய்ந்துபோனது. அந்த அம்மோனியாதான் செடிக்கு விருந்து என்று அப்போது தெரியாது. அமேசான் ஸ்வார்டு என்கிற நீர்ச்செடி ஆறே மாதத்தில் தண்ணீருக்கு மேலே இலையை நீட்டிவிட்டது.

ஒன்றரை வருடம் போனதும் அதே ஸ்வார்டு இளைக்க ஆரம்பித்தது. பழைய இலை மஞ்சளாகிக் கரையும், புது இலை விரல் நீளத்தோடு நின்றுவிடும். விளக்கை மாற்றினேன், கார்பன் டை ஆக்சைடைக் கூட்டினேன், மிச்சம் கறுப்புப் பாசிதான். ஆனால் பக்கத்துக் கட்டையில் கட்டியிருந்த அனுபியாஸ் செடி மட்டும் ஜம்மென்று இருந்தது. அது தண்ணீரிலிருந்தே சத்தெடுக்கும், மீன் கழிவும் நான் ஊற்றுகிற திரவ உரமும் போதும். ஸ்வார்டு வேரால் சாப்பிடுகிற ஜாதி. மண்ணில் சத்து தீர்ந்துவிட்டது என்று அப்போதுதான் பொறி தட்டியது.

ஓரமாகக் கிளறிப் பார்த்தால் வேர் தொட்டியின் மறுகோடி வரை ஓடியிருக்கிறது, மண் உருண்டையை விரலில் நசுக்கினால் சேறு. சுற்றிலும் நாலு ரூட் டேப் (வேருக்குப் பக்கத்தில் புதைக்கிற உர மாத்திரை) புதைத்தேன். மூன்றாவது வாரம் வந்த இலை பச்சைப் பசேல். மண்ணைத் தூக்கிப் போடவில்லை. களிமண்தானே, கொடுக்கிற பொட்டாசியத்தையும் அம்மோனியத்தையும் பிடித்துவைத்து வேருக்குக் கொடுக்கிற குணம் போகாது. பானை காலி, அவ்வளவுதான், உடையவில்லை.

இதற்கு ஒருவர் எழுதிய பதில்: அண்ணா, செடிக்கு நீங்கள் சொல்வது சரி, இறால் வளர்த்தால் கதை வேறு. எங்கள் வீட்டில் போர் தண்ணீர், கேஹெச் (தண்ணீரிலுள்ள கார்பனேட் அளவு) 8. பிஹெச்சை (தண்ணீரின் அமில-காரத் தன்மை) 6.5-இல் பிடித்துவைத்திருந்த மண் ஐந்தே மாதத்தில் கைவிரித்துவிட்டது, ஒருநாள் பார்த்தால் 7.6. தண்ணீரிலுள்ள கார்பனேட்டை விழுங்கி விழுங்கியே அந்தச் சக்தி தீர்ந்துபோகிறது, டேப் வைத்தாலும் திரும்பாது. பதினெட்டு கிரிஸ்டல் ரெட் இறாலில் ஐந்துதான் மிஞ்சியது. இப்போது புது மண், ஆர்.ஓ. தண்ணீர், அதில் ஜிஹெச்சை (கால்சியம், மெக்னீசியம் அளவு) மட்டும் ஏற்றுகிற உப்பு.

இன்னொருவர் எழுதியது: டேப் வைக்கிறவர்கள் அடிக் கண்ணாடியில் முட்டுகிற வரை அழுத்துங்கள். நான் மேலாக வைத்துவிட்டு, அடுத்த வாரமே செடியை இடம் மாற்றுகிறேன் என்று பிடுங்கினேன், பொடியெல்லாம் தண்ணீரில் கலந்து தொட்டி பத்து நாள் பட்டாணிச் சாறு மாதிரி இருந்தது. வீட்டில் இன்னும் கேலி செய்கிறார்கள்.