கல்நார் கலந்த மண்ணில் பேரன் விளையாடலாமா?

ஈசூன் பாட்டி:
அடுத்த மாதம் மகள் வீட்டுக்குப் போகிறேன். கலிஃபோர்னியாவில் எல் டொராடோ ஹில்ஸ். அங்கே மண்ணிலேயே கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கிறதாம். வீட்டுப் பத்திரங்களோடு வந்த தாளில் எழுதியிருந்ததை இப்போதுதான் சொல்கிறாள். கல்நார் என்றால் பழைய கூரைத் தகடு என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். பேரனுக்கு மூன்று வயது, மண்ணைக் கண்டால் விடமாட்டான். அவனோடு வெண்டைச் செடி வளர்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தேன். இப்போது இரவில் தூக்கம் வரவில்லை.

பழைய மேற்பார்வையாளர்:
அம்மா, பழைய தொழிற்கூடங்களின் கல்நார்க் கூரைகளைக் கழற்றும் வேலையைப் பல வருடம் மேற்பார்வை செய்தவன் நான். நனைக்காமல் ஒரு தகட்டையும் தொடவிட மாட்டேன். மண்ணுக்கும் அதே கதைதான்.

அந்தப் பகுதியில் செர்பென்டைன் என்ற பச்சைப் பாறை உண்டு. அதிலும் அதை ஒட்டிய பாறைகளிலும் நார் ஓடுகிறது. சும்மா கிடந்தால் கெடுதல் இல்லை. தூளாகி மூச்சில் போனால்தான் ஆபத்து. 2004இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் அதிகாரிகள் அதே ஊர் மைதானங்களில் பந்து விளையாடி, சைக்கிள் ஓட்டி, தாங்கள் சுவாசித்த காற்றைச் சோதித்தார்கள். விளையாடியவர்களைச் சுற்றிய காற்றில் நார் கூடுதலாக இருந்தது. நோய் தலைகாட்ட 20, 40 வருடம்கூட ஆகலாம். அதனால்தான் சின்னப் பிள்ளை விஷயத்தில் பிடிவாதமாகச் சொல்கிறேன்.

வெண்டையை உயரமான தொட்டியில், கடையில் வாங்கிய மண்ணில் போடுங்கள். வெறும் தரையைப் புல்லாலோ மரச்சில்லாலோ மூடச் சொல்லுங்கள். நம் வழக்கப்படி செருப்பு வாசலிலேயே நிற்கட்டும். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கவே வேண்டாம், ஈரத்துணிதான்.

செங்காங் வாசி:
முகக்கவசம் போட்டுவிட்டால் போதாதா? எங்கள் வீட்டில் பெட்டி பெட்டியாக மிச்சமிருக்கிறது.

பழைய மேற்பார்வையாளர்:
அந்தத் துணிக் கவசம் இந்த நாரைத் தடுக்காது. நாங்கள் வடிகட்டி பொருத்திய கவசம் அணிந்தோம், அதுவும் முகத்தோடு இறுகப் பொருந்த வேண்டும். மூன்று வயதுப் பிள்ளை முகத்தில் அது எப்படி நிற்கும்? புழுதி கிளம்பாமல் பார்த்துக்கொள்வதே வழி.

ஈசூன் பாட்டி:
நன்றி தம்பி, மனபாரம் கொஞ்சம் இறங்கியது. தொட்டி வாங்கச் சொல்லிவிட்டேன். ஆனால் பக்கத்து மனையில் நிலம் தோண்டுகிறார்களாம்.

பழைய மேற்பார்வையாளர்:
அப்படிப்பட்ட மண்ணைத் தோண்டினால் தண்ணீர் தெளித்தே ஆகவேண்டும். 2002 முதல் அந்த மாநிலத்தில் அதற்கு விதி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் புழுதி மனை எல்லையைத் தாண்டினால் அதைப் படம் எடுத்து, உள்ளூர்க் காற்றுத்தர அலுவலகத்துக்கு அனுப்பும்படி மகளிடம் சொல்லுங்கள். தோண்டும் நாள்களில் சன்னலைச் சாத்திவிட்டுப் பேரனை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள்.